மூன்றாம் கியர்

கேப் கோஸ்ட், ஆங்கிலத் துறை அலுவலகம்.
என் மேசைக்கு எதிரே சாவிப் பலகை.
ஏழாம் ஆணி காலியாக இருந்தால்
எக்குவா பென்ட்சில் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார்,
தட்டக் கூடாது.
எழுதப்படாத விதியாக இருந்தது அது.
ஒரு துணைவேந்தர் தட்டிவிட்ட பிறகு
நானே தட்டச்சு செய்து கதவில் ஒட்டினேன்.

அவர் வாழ்க்கை என்னிடம்
ஒரு பழுப்புக் கோப்பாக இருக்கிறது.
பிறந்தது எல்மினாவில், புதன்கிழமை:
பெயரே சொல்லிவிடும்.
லீட்ஸில் நான்கு குளிர்காலம், ஒரு முனைவர் பட்டம்,
நிரந்தரமாகிவிட்ட ஓர் இருமல்.
கணவர் பெயருக்கான கட்டத்தில்
வெள்ளை மை பூசி
அதன்மேல் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

முதல் நாவல் பிறந்தது
விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்த மழைக்காலத்தில்.
கட்டடம் முழுக்கக் கரப்பானும் நாங்கள் இருவரும்.
மின்சாரம் போனால் அவர் கை,
வந்தால் என் விரல்.
பக்கத்துக்கு ஐம்பது பெசெவா பேசி
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் ஓர் ஓட்டுநன் வருகிறான், இஸ்ஸா,
வடக்கிலிருந்து வந்தவன்.
கதாநாயகியை அக்ராவுக்குக் கொண்டுபோகிறான்,
காத்திருக்கிறான்,
கொண்டுவருகிறான்.
வாய் திறக்கவில்லை.
நானும் வடக்குதான். தமாலே.
பிழையில்லாமல் தட்டினேன்.

புத்தகத்துக்கு லண்டனில் பரிசு கிடைத்தது.
பதவி உயர்வுக் குழுவின் கடிதத்தை நானே பிரித்தேன்:
‘படைப்பு நூல், மதிப்பெண் இல்லை.’
அதே வருஷம் அவர் எழுதிய
பதினொரு பக்கக் கட்டுரைக்கு நான்கு மதிப்பெண்.
நாவல்களில் பேசாமல் நிற்பவர்களைப் பற்றியது அது.
யார் படித்தார்கள் மேடம், என்று கேட்டேன்.
‘நீ, நான், அச்சுப்பிழை பார்த்தவர்.
அவரும் பாதியில் தூங்கியிருக்கிறார், பார்’
என்று ஏழாம் பக்கத்தைக் காட்டிச் சிரித்தார்.

பிறகு நான்கு நாவல், ஒரு பேராசிரியர் நாற்காலி,
துறைத்தலைமை,
ஆண்டுக்கு அறுநூறு விடைத்தாள்.
திருத்தி முடித்த சிவப்பு மையிலேயே
அடுத்த அத்தியாயம் தொடங்கியிருக்கும் சில நாள்.

சென்ற ஜனவரியில்
ஈபோ அன்சா என்கிற பையனுக்கு வாய்மொழித் தேர்வு.
ஏழு நாவல்களைப் பற்றிய ஆய்வு, ஏழாவது அவருடையது.
நான் விலகிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார்.
வேறு ஆள் கிடைக்கவில்லை.
நான் தண்ணீர்க் குப்பிகளை வைத்துக்கொண்டிருந்தேன்.
பையன் எழுந்து அந்தக் கட்டுரையை வாசித்தான்:
‘பேசாத பாத்திரம் என்பது
எழுதியவர் கேட்க மறந்த மனிதர்.’
பக்கத்தைத் திருப்பினான்.
‘இஸ்ஸா. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒரு சொல் இல்லை.’

இபாதானிலிருந்து வந்த தேர்வாளர்
மேல்கூரையில் எதையோ தேடினார்.
கடைசிக் குப்பியை நான்
வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தேன்.
மேடம் கண்ணாடியைக் கழற்றி
முந்தைய நாளின் ஹார்மட்டான் புழுதியைத்
துணி விளிம்பால் துடைத்தார், ரொம்ப நேரம்.
பிறகு கையெழுத்திட்டார்:
சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி.
திருத்தம் யாருக்கு என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

ஐந்து மணிக்கு மேல் என் மேசைக்கு வந்தார்.
சாவியை ஆணியில் மாட்டவில்லை.
‘சலிஃபு, நீதானே தட்டினாய்.
அவன் என்ன சொல்லியிருப்பான்?’

எவ்வளவோ இருந்தது.
வாய்க்கு வந்தது இதுதான்:
‘மன்கெசிம் தாண்டிய மேட்டில்
மூன்றாம் கியரில் ஏற முடியாது, மேடம்.
நூற்று நாற்பதாம் பக்கம்.
இரண்டுக்கு மாற்ற வேண்டும்.
இல்லையென்றால் வண்டி அழும்.’

‘இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?’

‘தட்டும்போதே.’

பதினொரு வருஷம் என்று அவர் கணக்குப் போடுவது
முகத்தில் தெரிந்தது.
மாணவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தார்.
உட்காரலாமா என்று கேட்டார்,
நான் பதில் சொல்லும் வரை
நின்றுகொண்டிருந்தார்.