ஆறிப்போச்சு

இருபத்திரண்டு வருசத்தில்
இந்த ஆள் என்னிடம் அதிகம் சொன்ன சொல்
"ஆறிப்போச்சு."
குழம்பு ஆறிப்போச்சு. ரசம் ஆறிப்போச்சு.
துறைமுகத்தில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு
ராத்திரி பதினொன்றுக்கு வந்தாலும்
தட்டிலிருந்து ஆவி எழும்ப வேண்டும்.
எழும்பாவிட்டால்
இரண்டு விரலால் தட்டை என் பக்கம் நகர்த்துவார்.
அந்த இரண்டு விரலை
எத்தனை தடவை மனசுக்குள் ஒடித்திருப்பேன்.

கரண்டு வைத்த பத்தொன்பதாம் நாள்
வாய் உள்ளுக்குள் வெந்துவிட்டது.
ஜிப்மரில் ஜெசிந்தா சிஸ்டர்
சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்:
சூடு வேண்டாம். காரம் வேண்டாம். புளிப்பு வேண்டாம்.
உப்பு, பேருக்கு.
"அப்புறம் என்னத்தைத்தான் கொடுக்கிறது?"
"காய்கறி சூப்பு வைத்து, சில்லென்று கொடுங்கள் அக்கா.
புண்தானே, ஆறும். ஆறு வாரம்."

சில்லென்று இருந்தால் அது எப்படி சூப்பு?
கிருமாம்பாக்கம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி
பஸ் ஜன்னல் கம்பி சுட்டுக்கொண்டே வந்தது.
அவர் துண்டை வாயில் பொத்தித் தூங்கினார்.
நான் மனசுக்குள் அடுப்பை
பற்ற வைத்து, அணைத்து, பற்ற வைத்து.

முதுநகர் மார்க்கெட்டில்
தக்காளியை எடுத்தேன், வைத்தேன்.
இஞ்சியை எடுத்தேன், வைத்தேன்.
புதினாவை முகர்ந்ததோடு சரி.
"வாங்குறியா, விலை கேட்டுக்கிட்டே நிக்கிறியா?"
என்றாள் கடைக்காரி.
கடைசியில் பையில் மிஞ்சியது
ஒரு சுரைக்காய், நாலு வெள்ளரிப்பிஞ்சு,
கெட்டிப்படுத்த ஒரு உருளைக்கிழங்கு.
சுரைக்காய்க்கு உப்பில்லை என்று
ஊரெல்லாம் குறை சொல்லும்.
எனக்கு அதுவே மருந்துச்சீட்டு.

சுரையும் கிழங்கும் குழைய வெந்தன.
தாளிக்கவில்லை.
தாளிக்காமல் ஒரு சட்டியை இறக்கியது
வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.
கடுகு டப்பா பக்கம் கை தானாகப் போய்
வெட்கப்பட்டுத் திரும்பியது.

அக்னி நட்சத்திரம் எட்டாம் நாள். கரண்டு இல்லை.
மிக்ஸி சும்மா நிற்க,
ஃப்ரிட்ஜைத் திறந்தால் பெருமூச்சு விடுகிறது.
ரெண்டேகாலுக்கு வந்த கரண்டு ரெண்டு நாற்பதுக்குப் போனது.
அதற்குள் அரைத்தேன், வெள்ளரியைச் சேர்த்து,
அரைமூடித் தேங்காய்ப்பால் விட்டு.
அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து
இரண்டு தடவை வடிகட்டினேன்.
ஒரு விதை நின்றாலும்
அந்த வாய்க்கு அது ஆணி.

ஐஸ் கம்பெனி சிவக்கொழுந்து
சாக்கில் கால் பாளம் கொண்டுவந்து போட்டான்.
"மீனுக்குப் போடுற ஐஸ் அக்கா.
உள்ள கிள்ள போட்டுடாதீங்க.
வெளியில வச்சு, மேல கல்லுப்பு தூவுங்க,
வெடவெடன்னு ஆயிடும்."
குண்டானில் ஐஸை உடைத்துப் பரப்பி
நடுவில் சூப்புச் சட்டியை இறக்கினேன்.
உள்ளே ஒரு சிட்டிகைக்குப் பயந்த கை
வெளியே அள்ளி அள்ளிக் கொட்டியது.

ஒரு மணி நேரம் கழித்து
எவர்சில்வர் டம்ளர் வேர்த்தது.
பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை,
மழைக்கு முந்தின கெடிலம் மாதிரி ஒரு நிறம்.
ஸ்பூனால் ஒரு வாய் வைத்தேன்.
கண்ணை மூடினார். முழுங்கவில்லை.
உள்ளேயே வைத்திருந்தார், வெகுநேரம்,
வெந்த இடம் எல்லாவற்றுக்கும்
தனித்தனியாகக் காட்டுகிற மாதிரி.
பிறகு தொண்டை அசைந்தது.
நானும் அப்போதுதான் முழுங்கினேன், வெறும் எச்சிலை.

பேச முடியாது. டீசல் பில்லைத் திருப்பி
பென்சிலால் எழுதினார்:
இன்னும் கொஞ்சம் சில்லுனு.
டம்ளர் என் பக்கம் நகர்ந்தது,
இரண்டு விரலில்.

தனவேலு, உன் திமிர் மட்டும் ஆறவே இல்லை
என்று வாய்விட்டே சொன்னேன்.
இருபத்திரண்டு வருசத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும்
அன்றைக்குத்தான்.
திட்டிக்கொண்டே போய்
ஐஸில் இன்னும் ஒரு கை உப்பு போட்டேன்.

உருகி ஓடிய தண்ணீரில் மீன் வாசம் பிடித்து
வண்ணார் தெருப் பூனை வந்து நக்கிப் பார்த்தது.
உப்பு.
மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.
போகட்டும், அதற்கு வேறு
தனியாகச் சமைக்க முடியாது.