மூன்று பத்து

நஸ்மீர் இம்முறை மீனைப் பனிக்கட்டியில் புதைக்கவில்லை.
போன கிழமை நான் ஏசியது நினைவிருக்கிறது.
இறக்கக்கண்டியிலிருந்து கோணேசபுரி வரை
மோட்டார் சைக்கிளில், பெயின்ட் வாளியில், தண்ணீர் தளும்பத் தளும்ப
உயிரோடு வந்து இறங்குகிறது
வாலடியில் கத்தி ஒளித்த கறுப்பு மீன்.

"குடலுக்கா இவ்வளவு காசு?"
"குடலுக்குத்தான். சதையை நீயே கொண்டுபோ."
"பாசி தின்னி இது. பூனையும் யோசிச்சுத்தான் தின்னும்."

ஒரு துளி. ஒரு கண்ணாடித் தகடு.
நுணுக்குக்காட்டி முதலில் தேவையில்லை,
வெறுங்கண்ணுக்கே தெரிகிறது
முற்றுப்புள்ளியளவு ஒரு பற்றீரியா.
ஒற்றைக் கலம்தான் என்று நம்ப
எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

குனிந்து பார்க்கிறேன்.
சுருட்டுப் போல் உடல்.
உள்ளே, முனைக்கொன்றாய், இரண்டு பிள்ளைகள்.
சரிபாதியாய்ப் பிளந்து பங்கு பிரிக்கிற சாதியில்லை இது.
தன் எழுத்தைப் பல்லாயிரம் படியெடுத்து வைத்தவள்
பிள்ளைகளுக்குக் கொடுத்தது கொஞ்சம்.
மிச்சம் அவளோடே கரையும்.
அவை வளர வளர
அவள் வெறும் தோலாகிறாள்,
பிறகு ஒரு பக்கம் கிழிகிறாள்.
சத்தமில்லை.
குறிப்பேட்டில் "மூன்று பத்து" என்று எழுதுகிறேன்.
அந்தக் கட்டத்தில் வேறெதற்கும் இடமில்லை.

அவளுடைய சின்ன உறவுகளுக்கு வேறு வழக்கம்.
இரவு. புறாத்தீவின் பவளப் பொந்துக்குள்
மீன் ஒதுங்கிவிடும், மேய்ச்சல் நின்றுவிடும்,
குடலுக்கு ஒன்றும் வந்து சேராது.
அந்நேரம் அவை பிள்ளையை வெளியே விடுவதில்லை.
நீரை வெளியேற்றி, கல்சியம் நிறைத்து,
உறைக்கு மேல் உறையிட்டுப் பூட்டுகின்றன.
அகவித்தி.
விடிந்ததும் மீன் கழிக்கும்.
எங்கிருந்தோ வந்த குஞ்சு ஒன்று அதைக் கொத்தும்.
இதுவும் சீதனம்தானே என்றேன் நஸ்மீரிடம்.
"சீ" என்றான்.

ஞாயிறு, போத்தல்களோடு கன்னியாவுக்குப் போனேன்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
மண்ணிலிருந்து வந்த வேறு வித்திகள் கிடைக்கலாம்,
அவற்றுக்கு இந்த வெந்நீர் ஒரு பொருட்டில்லை.
தாய்க்கு முப்பத்தொன்று முடித்த ஒருவர்
மழித்த தலையில் வாளி வாளியாய் ஊற்றிக்கொண்டிருந்தார்.
"தண்ணியில என்ன தேடுறீங்கள் தங்கச்சி?"
சாகாததை, என்று வாய்வரை வந்தது.
"சூடு எவ்வளவெண்டு பாக்கிறன்."
அவர் ஒவ்வொரு கிணற்றிலும் கைவிட்டுப் பார்த்து,
மிகுந்த அக்கறையோடு,
"இதுதான் கூட" என்றார்.

இன்று பழைய தகடுகளையெல்லாம்
அழுத்தக் கொதிகலனில் அடுக்கினேன்.
நூற்று இருபத்தொரு பாகை, பதினைந்து நிமிடம்.
அதற்குமேல் எதுவும் பிழைக்காது என்கிறது சுவரொட்டி.
ஒன்பதாம் நிமிடத்தில் கரண்ட் போனது.
இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்,
உள்ளே என்ன கணக்கோ தெரியாமல்.