மணல் என்று பேர்

லீனஸ் கப்பலிலிருந்து அனுப்பிய குரல்
நாலு நிமிஷம் பதினோரு செகண்ட்.
பாதிக்கு மேல் காற்று.

சின்னவிளைக் கரையில் சாளைச் சருவத்தை இறக்கிவிட்டு
செதிள் ஒட்டிய கையால்
போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, மரத்தடி ஏத்த வந்திருக்கோம்.
அமெரிக்காவுக்க மேற்குக் கரை. ஓயாத மழை.
இஞ்ச ஒரு ஆறு கடல்ல விழுது. பேரு செஹாலிஸ்.
ஆத்தங்கரை ஆளுகளுக்கும் அதே பேருதான்.
மணல்னு அர்த்தமாம், கேட்டியா?"

குனிந்து காலைப் பார்த்தேன்.
கணுக்கால்வரை கறுப்பு மணல்,
அடுப்பிலிருந்து எடுத்த கல்சட்டிபோலச் சுட்டது.
இல்மனைட், மோனசைட், ஜிர்கான்.
ஏழாம் கிளாஸோடு நின்ற என் வாயில்
ஜெபமாலைபோல வருகிற பேர்கள்.

"டெல்பர்ட்னு ஒருத்தன், அந்த ஆளுகள்ல உள்ளவன்,
துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான்.
வருஷத்துல முதல்ல ஏறி வாற சால்மனை
விக்க மாட்டாங்களாம்.
சுட்டு, எல்லாரும் ஒரு வாய் தின்னுட்டு,
முள்ளை ஒடைக்காம ஆத்துல விடுவாங்களாம்.
அந்த முள்ளு போய் மத்த மீனுட்ட சொல்லுமாம்,
வாருங்க, மரியாதையுள்ள ஆளுகதான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது.
என் முதல் மீன் ஏலக்காரருக்கு,
இரண்டாவது மீன் வட்டிக்கு,
முள் பூனைக்கு.
எங்கள் சாளைக்கு யார் போய் என்ன சொல்லுவார்கள்?

"தேவதாரு மாதிரி ஒரு மரம், அக்கா.
ஒத்தை மரத்தைக் குடைஞ்சுதான் வள்ளம்.
பட்டையை உரிச்சு நார் எடுத்து
பாய், கூடை, மழைத்தொப்பி வரைக்கும்.
ஒரு பக்கம்தான் உரிப்பாங்களாம்.
மரம் சாவாதுன்னு சொன்னான்.
நான் ஏத்துற தடி எல்லாம் செத்த மரம்."

இங்கே ஒரு பெரிய காற்று.
பிறகு அவன் குரல், தாழ்ந்து:

"நூத்தி எழுபது வருஷம் முன்னால
கவர்னர் ஒருத்தன் காகிதம் கொண்டுவந்தானாம்.
எல்லாரும் ஆத்தை விட்டுட்டு
கடலோரம் ஒரே இடத்துல போய்க் கெடங்கன்னு.
இவங்க ஒப்பு வைக்கல்ல.
ரெண்டு ஆறு சேருற எடத்துல இப்பவும் இருக்காங்க.
ஆனா ஒண்ணு, அக்கா.
ஒப்பு வச்ச கூட்டத்துக்கு
பழைய எடத்துல எல்லாம் மீன்பிடிக்க உரிமை உண்டாம்.
வைக்காத இவங்களுக்கு அது இல்லையாம்.
சரி, மணி அடிக்கான்."

அவ்வளவுதான்.

குருசடி முன்னால் மேசை போட்டிருந்தார்கள்.
நீலச் சட்டைக்காரர் விசிறிக்கொண்டிருந்த தாளில்
என் பேர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது:
பிலவேந்திரி, வயது 46,
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.
மணல் எடுக்கச் சம்மதம்.
வீட்டுக்கு இவ்வளவு ரூபாய்.
எனக்கு முன்னால் நின்ற டார்லிங் மேரி
ஒப்பு போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள்.
அவள் மகனுக்கு டயாலிசிஸ்.
அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

"வாசிச்சுச் சொல்லுங்க சார்."
வாசித்தார்.
"இன்னொருக்க."
வாசித்தார். வியர்த்தது அவருக்கு.
"தொழில்னு உள்ள எடத்துல கோடு கெடக்கே,
அதுல மீன்னு எழுதுங்க. அப்புறம் பாப்போம்."

எழுத அவருக்கு அதிகாரம் இல்லையாம்.
அப்படியானால் எனக்கு நேரம் இல்லை என்றேன்.
சருவத்தைத் தலையில் தூக்கும்போது
சாளைத் தண்ணீர் தாளின் ஓரத்தில் சொட்டியது.
வேண்டுமென்றே இல்லை.
வேண்டாமென்றும் இல்லை.

அம்மாண்டிவிளைச் சந்தைக்கு நடக்கும் வழியில்
போனை வாயருகே பிடித்து அமுக்கினேன்:

"லீனஸே, அந்த ஆளிட்ட ஒண்ணு கேளு.
ஒப்பு வைக்காம போனோமேன்னு
எப்பமாவது ராத்திரி அவனுக்க வீட்டுல
யாராவது சண்டை போட்டதுண்டான்னு.
உள்ளதைச் சொல்லச் சொல்லு."

ஒற்றை டிக் விழுந்தது.
கப்பல் கிளம்பியிருக்கும்.
மூன்று கிலோ மீன் விற்று முடித்துப் பார்த்தேன்,
இன்னும் ஒன்றுதான்.