லெட் அசிடேட் தாள்

கிப் உபகரணத்தின் திருகை
முனிரத்தினம் அண்ணன் கால்சுற்று திருப்பியதும்
நாற்பத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில்
தாவணி முனையை மூக்குக்கு இழுத்தார்கள்.

நான் இழுக்கவில்லை.
வீரமெல்லாம் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான்.
பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல.

"ஒனக்கு நாத்தம் வர்லியா?" என்றாள் கோமதி.

வந்தது.
ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற பெயரோடு வரவில்லை.
முத்துக்கடையில் ஆறே முக்கால் பஸ் இறங்கி
காலித் தூக்குச்சட்டி தொடையில் இடிக்க
நடந்து வருகிற ஆளாக வந்தது.

அழுகிய முட்டையின் நாற்றமுடைய
நிறமற்ற வாயு, என்கிறது புத்தகம்.
எங்கள் வீட்டில் எந்த முட்டையும்
அழுகும்வரை இருந்ததில்லை.

கோமதி அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.
அவள் ஸ்டூல் மட்டும் ஒரு சாண் தள்ளியிருந்தது.
சிமெண்டுத் தரை, கிறீச்சிட்டிருக்க வேண்டும்.
எப்படி அவ்வளவு மெதுவாய் நகர்த்தினாளோ.

பியூலா டீச்சர் கரும்பலகையில் மூன்று பத்தி பிரித்தார்:
சோதனை, காண்பது, அறிவது.
"ப்ரொசீஜருக்குத்தான் மார்க்.
மூக்கை நம்பி யாரும் எழுதாதீங்க."
சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
"அளவு கூடினா இதுக்கு நாத்தமே தெரியாது.
மூக்கு செத்துடும்.
நாத்தம் போச்சேன்னு நின்னுட்டா ஆளும் போயிடும்.
எழுதிக்க வேணாம், இது பரீட்சைக்கு வராது."

மணி அடித்தது.
நான் எழுதிக்கொண்டேன், கையில், பேனாவால்.

ராத்திரி அப்பா
தேங்காயெண்ணெய் போட்டு நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
சுண்ணாம்புத் தொட்டியில் பதினோரு வருஷம்,
முடி கழன்று தோல் வெளுக்கிற இடம்.
கேட்டேன்:
"தொட்டிகிட்ட நாத்தம் அடிக்குமாப்பா?"
"மொத அவருதான்டி.
அப்பால இன்னா, ஒண்ணும் தெரியாது.
பழகிப்பூடும்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்,
ஏதோ கைவந்த திறமையைச் சொல்வதுபோல.

சோறு இறங்கவில்லை.
ரசம் புளிப்பு என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் வடிதாள் நறுக்குகளை
லெட் அசிடேட்டில் நனைத்துக் காயவைத்தோம்.
என் பங்கு நான்கு.
மூன்றைத்தான் மேசையில் வைத்தேன்.
நான்காவதை
அப்பாவின் காக்கிச் சட்டைப் பையில்,
பீடிக்கட்டுக்கும் பஸ் பாஸுக்கும் நடுவில் சொருகினேன்.
தாள் ஈரமாக இருந்தால்தான் நிறம் மாறும் என்பார்கள்.
சித்திரை மாதம், ராணிப்பேட்டை.
வியர்வை போதும்.

சாயங்காலம் எடுத்தபோது
காக்கைச் சிறகு நிறத்தில் இருந்தது.
வெளிச்சத்தில் சாய்த்தால்
ஓரத்தில் வெள்ளிபோல ஒரு மினுக்கம்.
இவ்வளவு அழகாய் எங்கள் பேட்ச்சில்
யாருக்கும் கறுத்ததில்லை.
ஒரு நொடி, சத்தியமாக,
சந்தோஷப்பட்டேன்.

பிறகுதான் கை நடுங்கியது.

அப்பா வாங்கிப் பார்த்தார்.
"இத்த வச்சி இன்னா பண்ணணும்?"
"தெரியாதுப்பா."
"மேஸ்திரிகிட்ட காட்டட்டா?"
அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.
அப்பா தாளைத் திருப்பித் தந்துவிட்டு
ரேடியோவின் காதைத் திருகினார்.

ரெக்கார்டு நோட்டில் ஒட்டினேன்.
சோதனை: தாள் ஒன்பது மணிநேரம் வைக்கப்பட்டது.
காண்பது: பளபளக்கும் கருப்பு.
அறிவது என்ற பத்தியில்
சல்ஃபைடு உள்ளது என்று எழுதி
அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை நோட்டு திரும்பி வந்தது.
அந்தப் பக்கத்தில் டீச்சரின் சிவப்பு மை,
அடித்திருத்தலுக்கு ஒரு வட்டம்.
கீழே:
தேதி எங்கே?