பதினேழாம் பக்கம்

வேதாளைக் கரையில் பிறந்தவளுக்கு
வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும்.
இதை நான் எந்த விண்ணப்பத்திலும் எழுதவில்லை.

"கடலோரத்தில் வளர்ந்தவள்" என்று
கட்டுரையின் முதல் வரியிலேயே போட்டு
கப்பலில் ஒரு கட்டிலும்
நூற்றிநாலு நாள் படிப்பும்
முழு உதவித்தொகையும் வாங்கிவிட்டேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.
கடலோரம்.
ஓரம் மட்டும்தான்.

ஆகவே இந்த ஆகஸ்ட் முழுக்க
அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம்
சீனி காக்காவின் வள்ளத்தில்.
நங்கூரத்தை இறக்கிவிட்டு
அவர் நண்டுவலைக்குச் சிக்கெடுப்பார்.
நான் கடலியல் புத்தகத்தைத் திறப்பேன்.
துணைக்குத் தம்பி,
தம்பி கையில் வாளி.
டீசலுக்கு நூறு ரூபாய்;
ஊரில் சொல்லாமலிருக்க
இன்னும் ஐம்பது.

கச்சான் காலம் இது.
வள்ளங்கள் பாதி வடகடலுக்கு மாறிவிட்டன.
அங்கே போனால் தண்ணீர்
தொட்டில் மாதிரிக் கிடக்கும் என்கிறார் காக்கா.
தொட்டிலில் பழகி
எந்தச் சமுத்திரத்தைத் தாண்டுவது?
தென்கடலே போதும் என்றேன்.
சொன்ன வாய் மூடவில்லை,
வாளியைக் கேட்டேன்.

முதல் நாள் முன்னுரை தாண்டவில்லை.
இரண்டாம் நாள் மூன்றாம் பக்கம்:
அலையின் உயரத்தை அளப்பது எப்படி என்ற படத்துக்கு
அலையே ஏறிவந்து அடிக்கோடு போட்டது.
ஆறாம் நாள் எழுத்துகள்
சர்க்கரையைக் கண்ட எறும்பாய் ஊர்ந்தன.
"முயல்தீவப் பாரு புள்ள, புத்தகத்தப் பாக்காத"
என்றார் காக்கா.
பரீட்சையில் தீவைப் பார்த்தா எழுத முடியும்?

அறைத்தோழி பெயர் ஐகெரிம்.
கஜகஸ்தான், புல்வெளி நடுவில் ஒரு ஊர்,
கடலை இதுவரை பார்த்ததில்லையாம்.
எழுதியிருந்தாள்:
நீ கடல்காரி, நீ சொல்.
நான் என்னென்ன எடுத்துவர வேண்டும்?
இரவில் அது சத்தம் போடுமா?
தூங்க விடுமா?

கடல்காரி.
அந்தச் சொல்லுக்குப் பதில் போடாமல்
இரண்டு நாள் வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
எலுமிச்சம்பழம். நிறைய.
மற்றபடி, குதிரைமேல் உட்கார்ந்து
புத்தகம் படிக்க முடியுமா உன்னால்?

வாப்பா ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வந்ததும்
கேட்பது ஒரே கேள்வி.
அத்தனை பேருக்கான மீனையும் கறியையும்
எத்தனை பார் ஐஸில் வைப்பார்கள்?
ஐஸ் இல்லை வாப்பா, குளிர் அறை,
நம் தெருவில் ஏழு வீட்டு அகலம் என்றேன்.
அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்தபடியே
வெகுநேரம் சாப்பிடாமலிருந்தார்.

உம்மா கேட்டது வேறு.
"இந்தப் பக்கமா வருமா?
மாடியில நின்னா தெரியுமா?"

வராது.
நம் கடல் அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் பத்தாது;
எல்லாம் இலங்கையைச் சுற்றித்தான் போகும்.
செல்போனில் விரித்துக் காட்டினேன்,
கொழும்பைத் தொட்டுக் கீழே இறங்கி
கிழக்கே வளையும் சிவப்புக் கோட்டை.
கோட்டுக்கும் வேதாளைக்கும் நடுவில்
மஞ்சள் படிந்த விரலை வைத்துப் பார்த்தாள்.
படம் நகர்ந்து ஆஸ்திரேலியா வந்தது.
திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன்.
மறுபடி வைத்தாள். ஒரு விரல்கூட இல்லை.
"இம்புட்டுத்தானா" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"எந்த ராத்திரி?"

அக்டோபர் பத்தொன்பது.
ஃபேக்டரி காலண்டரில் வட்டம் போட்டாள்,
கேஸ் புக் பண்ணிய தேதிக்கு
நேர் கீழே.

நேற்று
பதினேழாம் பக்கம் வரை வந்தேன்.
நீரோட்டங்கள் பற்றிய பாடம்,
வாய்விட்டுப் படித்தேன்.
காக்கா சிக்கெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்,
இடையில் ஒரு இடத்தில்
"அது தப்பு" என்றார்.
வாளி காலி.
ஏமாந்துபோன தம்பி
அதில் கடலை மொண்டு மொண்டு
சொறிமுட்டை தேடினான்.

பதினெட்டைத் திருப்பப் போனேன்.
காற்று முந்திக்கொண்டு
முப்பத்தொன்றைத் திறந்தது.

சரி.
இங்கிருந்தே படிக்கிறேன்.