சலவைக்கு வந்த வைக்கிங்

ஜுஃபைர் கடற்படைத் தளத்துச் சலவைக்கூடத்தில்
முதல் விதி: பையைத் துழாவு.
பேனா வரும், சூயிங்கம் வரும்,
ஒருமுறை டிஷ்யூவில் சுற்றிய முழு ஆம்லெட்.
நான் துழாவாமல் போட்ட ஒரே கால்சட்டையின்
தொடைப் பையில் ஒரு நாவல் இருந்தது.

அறுபது டிகிரி வெந்நீரில் நாற்பது நிமிடம்.
அட்டைக்காரன் மட்டும் அசரவில்லை.
சட்டையில்லை. கொம்பு வைத்த தலைக்கவசம்.
கோடரியைக் குடைபோல் தோளில் சாய்த்திருந்தான்.
பக்கத்தில் ராணுவ உடையில் ஒருத்தி,
கைது செய்வதா கட்டிக்கொள்வதா என்ற முகத்தோடு.

டிரையர் மேல் விரித்துவைத்தேன்.
அப்பளமாய் உப்பி எழுந்தது புத்தகம்.
பைஜு பிரித்துப் பார்த்து அர்த்தம் சொன்னான்:
ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கப்பல் கொள்ளைக்காரன்
மின்னலில் மாட்டி, நேரே வந்து விழுகிறான்
பெண் கேப்டன் குளிக்கிற அறையில்.
"விசா?" என்றேன்.
"அதொன்றும் புக்கில் இல்லை."

கைரேகை இல்லை, மெடிக்கல் இல்லை,
ஏஜென்டுக்கு ஒரு லட்சம் இல்லை.
விசா முடிந்து மூன்று நாள் கூடத் தங்கியதற்கு
நான் கட்டிய அபராதத்தின் ரசீது
இன்னும் பர்ஸில் இருக்கிறது.

இரவு ராக்குவைக் கூப்பிட்டேன்.
இங்கே ஒன்பதரை என்றால் அங்கே பன்னிரண்டு.
எந்நேரமும் என்னைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பவள்;
நாளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு
நேற்றிலிருந்து பேசுகிறவனைக் கேட்பாள்.

தோர்கெல் என்ற பெயர் அவள் வாயில் நிற்கவில்லை,
துரைக்கண்ணு ஆனான்.
"குளிப்பானா?"
"சனிக்கிழமைதோறும், என்று போட்டிருக்கிறது."
"அப்ப நம்ம ஆளுதான்."

தினமும் ஒரு அத்தியாயம்.
மைக்ரோவேவைத் துரைக்கண்ணு வெட்டினான்.
லிஃப்டுக்குள் சாமி கும்பிட்டான்.
ஜிப் என்பதைக் கேப்டன் விளக்கிய இடத்தில்
ராக்கு சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துக்கொண்டது.

பிறகு ஒரு பக்கத்தில்
அவள் கழுத்தருகே குனிகிறான்.
அடுத்துப் பிரிகிற பக்கத்தில்
இருவரும் டாக்ஸிக்குச் சில்லறை தேடுகிறார்கள்.
"நடுவுல?"
"ஒட்டியிருக்கு."
"ஒட்டியிருக்கா, ஒளிக்கிறியா?"
நடுவில் உள்ளதை அவளே சொன்னாள்.
இங்கே எழுதுவதற்கில்லை.
மேல்கட்டில் நேபாளிக்குத் தமிழ் தெரியாதது
என் அதிர்ஷ்டம்.

கடைசி அத்தியாயம் கூழாகி
ஃபில்டரில் போயிருந்தது.
மறுபடி மின்னல் வெட்டுகிற இடத்தோடு நிற்கிறது கதை.
ராக்கு இரண்டு நாள் யோசித்தாள்.
"அவன் திரும்பிப் போகக்கூடாது.
ஏர்போர்ட்டுல இன்னொருக்கா அழ என்னால முடியாது"
என்றவள், உடனே திருத்தினாள்:
"அந்தக் கேப்டனால."

வியாழன் மாலை டோக்கனோடு ஒரு சார்ஜென்ட்.
குள்ளம். தூக்கமில்லாத கண்.
கால்சட்டையை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.
"ஒரு புத்தகம்..." என்று இழுத்தாள்,
திருடியவள் போல.
குபூஸ் ரொட்டி மாதிரி ஊதிய அதை நீட்டினேன்.
பின்பக்கத்தைப் புரட்டினாள். அட்டைதான் இருந்தது.
அதிகாலையில் கப்பலாம். முடிவு தெரியுமா என்றாள்.

என்னிடமிருந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன்:
"வைக்கிங் நோ கோ பேக்.
வைக்கிங் கெட் ஜாப்."
"என்ன ஜாப்?"
ராக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.
"லாண்டரி" என்றேன்.

கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்சம் நின்றாள்.
புத்தகத்தை அதே தொடைப் பையில் செருகிப்
பொத்தானைப் போட்டுக்கொண்டு போனாள்.

அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன்.
அவளுக்கு வெள்ளிக்கிழமை பிறந்திருந்தது.
வெகுநேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று
ஹலோ ஹலோ என்றேன்.
"கதைக்குக் காசு கேட்டியா?" என்றாள்.