நான்தான்

கூத்தாநல்லூர், இரவு இரண்டே கால்.
நெய்னா முகமது ராவுத்தரின் அரிசி ஆலையில்
உமி வாசனையும் நானும்
ஃபேன் காற்றில் பிழைத்துக் கிடக்கும் சர்வரும்.

"கணக்கு ஊர்ந்து போவுது இன்பவல்லி,
பில் ஒண்ணு வர்றதுக்குள்ள டீ ஆறிப்போவுது"
மூன்று நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.
நான்தான் வரவில்லை.
கொள்முதல் நிலையத்தில் பிரிண்டர் படுத்துவிட்டது.

பதிவேட்டைத் திறந்தேன்.
தோல்வி.
தோல்வி.
தோல்வி.
நொடிக்கு மூன்று.
அட்மின் என்று தட்டியிருக்கிறது,
டெஸ்ட் என்று, ஸ்கேனர் என்று, மரியா என்று.
இந்த மில்லில் எந்தக் காலத்திலும்
மரியா என்று யாரும் மூட்டை எண்ணியதில்லை.
கோபமில்லை. கொட்டாவி இல்லை.
ஆள் தட்டினால் கை வலிக்கும்;
இது, வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் வந்ததும்
வாய்க்கால் கரையை ஒட்டிக்கொண்டே போகுமே, அப்படி.
நண்டு வளை எங்கே என்று தண்ணீருக்குத் தெரியாது.
எல்லா இடத்திலும் முட்டும், அவ்வளவுதான்.

இந்த வளையைத் தோண்டியது நான்.
கோலாலம்பூரிலிருந்து மகன் இருப்பு பார்க்க
வழி ஒன்று வேண்டும் என்றார்கள்.
ரூட்டரில் ஒரு எண்ணைத் திறந்துவிட்டு
அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்யலாம் என்று
நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுப் போனேன்.
அது போன வருட நோன்பு.

பட்டியலில் நம்மூர்ப் பெயரும் ஒன்று வந்தது:
ராஜா.
மில்லிலும் ஒரு ராஜா இருந்தான்.
திருப்பூருக்குப் போய் இரண்டு வருஷம்;
அவன் கணக்கை யாரும் மூடவில்லை.
கடவுச்சொல் மானிட்டர் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
அவன் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.
என் கண்ணெதிரே ராஜாவை முப்பது தடவை தட்டியது.
முப்பத்தொன்று எதுவென்று பார்க்க நான் நிற்கவில்லை,
கேபிளைப் பிடுங்கினேன்.

பிறகு வெற்றி என்று தேடினேன்.
ஜெயசுதா, காலை ஒன்பது பத்து.
மகன், ஞாயிற்றுக்கிழமை.
வேறு யாருமில்லை.
மறுபடி தேடினேன்.
மூன்றாவது தடவைதான் மூச்சு வந்தது.

"எந்த ஊர்க்காரன்? போலீஸ்ல சொல்வமா?"
கைலியை இறுக்கிக்கொண்டு ராவுத்தர் வந்து நின்றார்.
"ஒரு நாட்டைக் காட்டுது பாய்.
அதுவும் வாடகை வீடு."
சொல்லிக்கொண்டே ராஜாவை மூடினேன்.
ரூட்டரில் அந்த எண்ணை மூடினேன்.
ஐந்து தடவை தப்பினால் அரைமணி நேரம் பூட்டு.
மகனுக்கு மட்டும் தனி வழி,
அதன் வாசலில் கைபேசிக்கு வரும் ஆறு இலக்கம்.
ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தபோது
ஜெயசுதாவின் முகம் நினைவுக்கு வந்தது.
நாளைக்கு அவளிடம் திட்டு வாங்க வேண்டும்.

நாலரைக்கு போன். அங்கே விடிந்து ஏழு மணி.
"அக்கா, உள்ள போக முடியல. நான்தான்."
"ராத்திரி பூரா அதுவும்
அதையேதான் தம்பி சொல்லிச்சு,
மணிக்குப் பத்தாயிரம் தடவை."
குரல் எனக்குத் தெரியும்.
பெட்டிக்குத் தெரியாது.
"நம்பர் வந்திருக்கு, சொல்லவா?"
"என்கிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத.
நீயே அடி."
அடித்தான்.
பதிவேட்டில் ஒற்றை வெற்றி விழுந்தது.

பாங்கு முடிந்த நேரம் பாலம் தாண்டினேன்.
கீழே ஆறு நிறைய, ஆகாயத்தாமரை மெல்லப் போய்க்கொண்டிருந்தது.
லெட்சுமாங்குடியில் என் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
"யாரு?"
"நான்தான்."
தூக்கக் குரலில் உள்ளிருந்து அவர் சொன்னார்:
"தள்ளு. தாப்பாளே போடல."